விளக்குமாறு: ஒரு சொல்லும் அதன் புழக்கமும்

1

தமிழ் வீடுகளில் புழங்குகிற சாமான்களைக் கணக்கெடுத்தால் அம்மி, உரல், உலக்கை, முறம், சல்லடை, அகப்பை என்று ஒரு நீண்ட பட்டியல் கிடைக்கும். இவற்றில் பலவும் பழமொழிகளில் வரும், விடுகதைகளில் வரும். சிலவற்றை வைத்துத் திட்டவும் செய்வார்கள். ஒருவனை ‘உலக்கை’ என்றால் மந்தம் என்று பொருள். கேட்டவனுக்குக் கோபம் வரலாம், ஆனால் அதில் தீட்டு கிடையாது. பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எதிராளியின் மானம் போகிற வீட்டுச் சாமான் ஒன்றே ஒன்றுதான். செருப்பு அதற்கு இணை என்று சொல்லலாம். செருப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. விளக்குமாறோ அடுப்படி வரைக்கும் வருகிறது. அந்த வீட்டையே அதுதான் வாழத்தக்க இடமாக ஆக்குகிறது. எது வீட்டைச் சுத்தப்படுத்துகிறதோ அதன் பெயரே வீட்டில் வைத்துச் சொல்லக்கூடாத வசவாக இருப்பது எப்படி என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

இதைப் பொருளற்ற ஆராய்ச்சி என்று நண்பர்கள் சிலர் நினைக்கக்கூடும். தமிழ் எம்.ஏ. படித்தவன் கடைசியில் வெளக்குமாத்தைத்தான் பிடித்தானா என்று கேட்கவும் கூடும். அந்தக் கேலிக்குள்ளேயே நான் பேசவந்த விஷயம் இருக்கிறது. குறி என்பது வர்க்கப் போராட்டத்தின் களம் என்றார் வலோஷினவ், 1929இல் வெளிவந்த ‘மார்க்சியமும் மொழித் தத்துவமும்’ நூலில். ஒரே சொல்லை வெவ்வேறு வர்க்கங்கள் வெவ்வேறு அழுத்தத்தோடு உச்சரிக்கின்றன. அதனால் சொல்லுக்குள் எப்போதும் ஒரு இழுபறி நடந்துகொண்டிருக்கிறது. நம் சூழலில் வர்க்கத்தோடு சாதியையும் பால் வேற்றுமையையும் சேர்த்துக்கொண்டால் விளக்குமாறு என்ற சொல்லைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

2

முதலில் பெயர்கள். பாடப்புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் ‘துடைப்பம்’. சென்னையிலும் வட மாவட்டங்களிலும் பேச்சில் ‘தொடப்பம்’. மதுரையைச் சுற்றி ‘வெளக்குமாறு’. நெல்லைச் சீமையில் ‘வாரியல்’, குமரிப் பக்கம் ‘வாருகோல்’. கொங்கு நாட்டில் ‘சீமாறு’. பெருக்குமாறு, ஈர்க்குமாறு என்பனவும் உண்டு. ஈழத்தில் தென்னந்தும்பில் செய்து நீண்ட காம்பு மாட்டியது ‘தும்புத்தடி’.

இவற்றில் திரும்பத் திரும்ப வருகிற ‘மாறு’ என்பது காய்ந்த குச்சி, மிலாறு. கரிசல் காட்டில் பருத்தி எடுத்து முடிந்த பிறகு பிடுங்கிப் போடுகிற செடியைப் பருத்திமார் என்பார்கள். துவரைமார் என்பதும் அப்படித்தான். அந்தத் துவரைமாரைக் கட்டாகக் கட்டிக் களம் கூட்டுவது வழக்கம். ஆக விளக்குமாறு என்றால் விளக்குகிற குச்சி. ‘விளக்கு’ என்ற வினைக்குத் துலக்கு, பளிச்சென்றாக்கு என்று பொருள். பல் விளக்குகிறோம், பாத்திரம் விளக்குகிறோம். ஒரு கருத்தை விளக்குவதும் அதே வினைதான். இருட்டில் ஏற்றிவைக்கிற விளக்கும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சீமாறில் இருக்கிற ‘சீத்தல்’ என்பதும் பழந்தமிழில் கூட்டித் துப்புரவாக்குதல்தான். வாரியல், வாருகோல் இரண்டும் வாருதலிலிருந்து வந்தவை. தலை வாருகிறோமே அந்த வாருதல். எந்த வட்டாரப் பெயரை எடுத்துப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. துலக்குதல், துடைத்தல், வாருதல், கூட்டுதல் என்று எல்லாமே நல்ல வினைகள். ஆகவே வசவு வேரில் இல்லை. அது புழக்கத்தில் வந்து ஏறியது.

எந்தப் புழக்கத்தில்? வீட்டுக்குள் போய்ப் பார்க்கலாம். ஓரளவு வசதியுள்ள ஒரு வீட்டில் துடைப்பம் ஒன்று இருப்பதில்லை, மூன்று இருக்கும். உள்வீட்டுக்குப் பூந்துடைப்பம். வாசலுக்கும் தொழுவத்துக்கும் தென்னை ஈர்க்கில் கட்டியது. கக்கூசுக்கு ஒன்று; அது முதல் இரண்டில் ஒன்று தேய்ந்து கட்டையான பிறகு அங்கே போய்ச் சேர்ந்ததாக இருக்கும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று படக்கூடாது. கக்கூஸ் துடைப்பம் தவறிப்போய்க்கூட வாசலுக்கு வராது. சாதிப் படிநிலையை இதைவிடச் சின்ன அளவில் யாரும் செய்துகாட்ட முடியாது. உள், புறம், புறத்துக்கும் புறம். மேலே இருப்பது தேய்ந்தால் கீழே இறங்கலாம்; கீழே இருப்பது எந்நாளும் மேலே ஏற முடியாது.

திட்டும்போது எந்தத் துடைப்பத்தைச் சொல்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. புதுப் பூந்துடைப்பத்தைச் சொல்லி யாரும் திட்டுவதில்லை. ‘தொடப்பக்கட்டை’, ‘பிஞ்ச வெளக்குமாறு’ என்பதுதான் வசவு. கட்டை என்றால் தேய்ந்து மிஞ்சியது. அடுத்தவர் வீட்டு அழுக்கை எடுத்து எடுத்தே தன் உடம்பு தேய்ந்துபோன ஒன்றின் பெயர் அது. உழைத்துத் தேய்ந்ததனால் மதிப்புக் கூடவில்லை, இழிவு கூடியது. இந்தத் தர்க்கம் எத்தனை மனிதர்கள் மீது செலுத்தப்பட்டிருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. வயதான வேலைக்காரி, வாழாவெட்டி என்று பெயரெடுத்த பெண், வீட்டுக்குப் பாரமான மாமியார் என்று இந்த வசவு விழுகிற உடம்புகளைப் பட்டியல் போட்டுப் பார்த்தால் தெரியும்.

இன்னொன்று, நீளம். தமிழ்நாட்டு வீட்டுத் துடைப்பத்துக்குக் காம்பு கிடையாது. இடுப்பை ஒடித்துக் குனிந்துதான் கூட்ட வேண்டும். நிமிர்ந்து நின்று கூட்ட முடியாததல்ல. தும்புத்தடி அதைத்தான் செய்கிறது, நகராட்சித் துடைப்பத்தில் மூங்கில் கம்பு செருகிச் செய்வதும் அதைத்தான். வீட்டில் மட்டும் ஏன் ஒரு கம்பு செருகவில்லை? நின்றுகொண்டு கூட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்கிற கிழவிகளைப் பார்த்திருக்கிறேன். கருவியின் வடிவமே அதைப் பிடிப்பவரின் முதுகு எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவைத்திருக்கிறது.

3

இனி வினைச்சொற்கள். வீட்டைக் கூட்டு என்கிறோம், பெருக்கு என்கிறோம். இரண்டுமே கணக்குப் பாடத்திலும் இருக்கின்றன: கூட்டல், பெருக்கல். வீட்டிலிருந்து ஒன்றை வெளியே தள்ளுகிற வேலைக்கு வைத்திருக்கிற பெயர்கள் இரண்டும் சேர்ப்பதையும் அதிகமாக்குவதையும் குறிப்பவை. கூட்டுதலுக்குக் காரணம் சொல்லிவிடலாம்: சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் சேர்ப்பதால் கூட்டுதல். பெருக்குதலில் மங்கல வழக்கின் சாயல் இருக்கிறது என்பது என் ஊகம். நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரித்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். வீட்டிலிருந்து பொருள் வெளியே போகிறது என்று வாயால் சொல்ல அஞ்சுகிற ஒரு மனம், பெருகுகிறது என்று சொல்லிக்கொள்கிறது. விளக்கு வைத்த பிறகு கூட்டக்கூடாது, கூட்டினாலும் குப்பையை வெளியே தள்ளக்கூடாது, வீட்டை விட்டு ஒருவர் பயணம் கிளம்பிய கையோடு கூட்டக்கூடாது என்கிற விலக்குகள் எல்லாம் இந்த அச்சத்தின் வேறு வேறு முகங்கள். குப்பையோடு சேர்ந்து லட்சுமியும் போய்விடுவாள்.

மிச்சமிருக்கிற இரண்டு கணக்குகளையும் பார்த்துவிடலாம். கழித்தல் என்ற சொல் உடம்பின் கழிவுக்குப் போய்விட்டது. கழிப்பறை என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். வகுத்தல் என்பது பங்கு பிரித்தல், இன்னாருக்கு இன்னது என்று விதித்தல். வகுப்பு என்ற சொல் அதன் பிள்ளை. நம் சமூகத்தில் சுத்தம் என்ற கணக்கு இந்த நாலையும் போட்டுத்தான் முடிகிறது. கூட்டுவதும் பெருக்குவதும் வீட்டுப் பெண்ணுக்கு, கழித்ததை எடுப்பது ஊருக்கு வெளியே இருப்பவருக்கு என்று வகுத்தாகிவிட்டது. அழுக்கு என்பது இடம் மாறிக் கிடக்கும் பொருள் என்று மேரி டக்ளஸ் ‘தூய்மையும் அபாயமும்’ (1966) நூலில் விளக்கினார். தட்டில் இருக்கும் சோறு உணவு, சட்டையில் ஒட்டினால் அழுக்கு. அப்படியானால் அழுக்குக்கு முன்னால் ஓர் ஒழுங்கு இருந்தாக வேண்டும். நம் ஊரில் அந்த ஒழுங்குக்குச் சாதி என்று பெயர். டக்ளஸின் வாக்கியத்தை நாம் இன்னும் ஒரு படி நீட்ட வேண்டியிருக்கிறது: இங்கே பொருள் மட்டுமல்ல, மனிதரும் ‘இடம் மாறினால்’ அழுக்கு.

நான் படித்த கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வகுப்பறை கூட்டுவதற்கு ‘முறை’ வைத்திருந்தார்கள். கரும்பலகை துடைக்க, ஊதுபத்தி கொளுத்த, வாத்தியாருக்குத் தண்ணீர் எடுத்துவர என்று பிள்ளைகள் பேர் எழுதிப் போட்டிருக்கும். கூட்டுவதற்குப் பேர் எழுதியிராது. “காலனிப் பிள்ளைகள் எந்திரிங்கடா” என்பார். அவ்வளவுதான். கரும்பலகை துடைப்பதும் தரை துடைப்பதும் ஒரே வினை. ஒன்றுக்குப் பேர் உண்டு, மற்றதுக்கு ஊர்தான் உண்டு.

4

துடைப்பத்துக்கு மரியாதை தந்த ஓர் இடமும் தமிழில் இருக்கிறது. அது கோயில். அங்கே அதன் பெயர் அலகு, திருவலகு. பெரியபுராணத்தில் திலகவதியார் விடியுமுன் எழுந்து திருவலகோடு திருவதிகைக் கோயிலுக்குப் போகிறார். சூலைநோயோடு தம்பி வந்து விழுவது அந்த அக்காளின் காலடியில்தான். பிறகு அவர் அப்பராகி உழவாரப் படையைக் கையில் எடுக்கிறார். இந்த அப்பர் நான்காம் திருமுறையில் ஒரு கணக்குப் போடுகிறார். கோயிலைக் கூட்டினால் ஒரு பலன், சாணத்தால் மெழுகினால் அதுபோலப் பத்து மடங்கு, பூத்தொடுத்தால் விண்ணுலகம், விளக்கு ஏற்றினால் மெய்ஞ்ஞானம், பாட்டுப் பாடினால் இறைவன் தரும் அருளுக்கு அளவே இல்லை. கூட்டுவதற்கு அங்கே அவர் ஆள்கிற வினை ‘விளக்குதல்’. ஒரே பாட்டில் விளக்குதலும் இருக்கிறது, விளக்கும் இருக்கிறது. ஒன்று படியின் அடியில், மற்றது உச்சிக்குக் கிட்டத்தில். கூட்டுபவருக்கும் பாடுபவருக்கும் நடுவே பக்தி வைத்த ஏணி இது.

இதைப் படித்து உழைப்பைப் பக்தி இயக்கம் உயர்த்திவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. உயர்த்தியது உண்மைதான், யாருடைய உழைப்பை என்று கேட்டாக வேண்டும். அதே பெரியபுராணத்தில் நந்தனும் வருகிறார். அவர் கோயிலுக்குத் தருவது பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும். கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டு வெளியே நின்று ஆடிப் பாடுகிறார். திருவலகு பிடிக்கக்கூட அவர் உள்ளே போக முடியாது. உள்ளே போக உரிமையுள்ளவர் துடைப்பம் எடுத்தால் தொண்டு. அவர் அதைக் கீழே வைக்கவும் செய்யலாம், வைத்தாலும் அவர் வேளாளர்தான். உள்ளே போக முடியாதவர் எடுத்தால் அது தொழில், அவர் பிள்ளைக்கும் அதுவே தொழில். பொருள் ஒன்று, குறிப்பான் இரண்டு: திருவலகு, விளக்குமாறு. ‘திரு’ என்ற ஒட்டு எந்தக் கையைப் பார்த்து ஒட்டிக்கொள்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கோயிலுக்குள் துடைப்பத்தோடு இருந்த ஒரு பெண் தெய்வமும் உண்டு. குறளில் தவ்வை, வடமொழியில் ஜேஷ்டை, நம் வாயில் மூதேவி. காக்கைக் கொடி, கழுதை வாகனம், கையில் துடைப்பம் என்று சிற்ப நூல்கள் அவளுக்கு அடையாளம் சொல்கின்றன. பல்லவர், பாண்டியர், முற்காலச் சோழர் கோயில்களில் அவளுக்குச் சிலை இருந்தது. பருத்த வயிறும் தளர்ந்த மார்புமாகக் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பாள். திருப்பரங்குன்றத்தில் எட்டாம் நூற்றாண்டில் சாத்தன் கணபதி என்ற பாண்டிய அதிகாரியின் மனைவி நக்கன் கொற்றி, துர்க்கைக்கும் ஜேஷ்டைக்கும் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. ஒரு பெண் தன் பெயரில் கட்டிய கோயில் அது. பின்னாளில் இந்த வழிபாடு தேய்ந்தது. சிலைகள் பல இடங்களில் மூலைக்கும் வெளிப்பிராகாரத்துக்கும் போய்விட்டன. பெயர் வசவாயிற்று. இன்று ஒரு பெண்ணைத் திட்டுகிறவர் மூதேவி என்பதையும் தொடப்பக்கட்டை என்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறார். சிற்பி கல்லில் சேர்த்துவைத்ததை வசவு வாயில் சேர்த்துவைத்திருக்கிறது. நடுவே அவளைக் கும்பிட்ட காலம் மட்டும் உருவப்பட்டுவிட்டது.

கும்பிடு முற்றிலும் போய்விடவில்லை. கண்ணேறு கழிக்கிறபோது விளக்குமாற்றுக் குச்சிகளைப் பிய்த்துச் சுற்றி நெருப்பில் போடுகிறார்கள். பேய் ஓட்டுகிறவர் கையிலும் அது இருக்கும். ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிராமத் திருவிழா ஒன்றில் மாமன் மைத்துனர் முறையுள்ளவர்கள் துடைப்பத்தால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள். மனஸ்தாபம் தீர்ந்து உறவு கூடும் என்பது நம்பிக்கை. ஒரு நாளைக்கு மட்டும் அவமானம் விளையாட்டாகிறது. பக்தினைப் படித்தவர்கள் இதைக் களியாட்டம் என்று கொண்டாடக்கூடும். நான் ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டுவேன்: அடித்துக்கொள்பவர்கள் முறைகாரர்கள். பெண் கொடுத்து எடுக்கிறவர்களுக்குள் மட்டுமே துடைப்பம் விளையாட்டாக முடியும். அதே துடைப்பம் சாதிக் கோட்டைத் தாண்டி ஒருவர் மேல் பட்டால் அன்றைக்கு அரிவாள்தான்.

5

பெண்கள் கையில் அது ஆயுதமும்கூட. “வெளக்குமாறு பிஞ்சு போகும்” என்று ஒரு பெண் தெருவில் நின்று சொன்னால் அந்த ஆம்பளை அதற்குமேல் அங்கே நிற்க முடியாது. வலி ஒரு பொருட்டில்லை, ஈர்க்குக் குச்சி என்ன பெரிதாக வலித்துவிடும்? தன்மேல் சுமத்தப்பட்ட இழிவை அவள் அவன்மேல் திருப்பி வீசுகிறாள். நீ எதைத் தொடமாட்டாயோ அதையே உன்மேல் படவைப்பேன் என்கிற மிரட்டல் அது. சாராயக் கடைக்கு எதிராகவும் தண்ணீர் வராத நகராட்சிக்கு எதிராகவும் பெண்கள் துடைப்பத்தோடு வந்து நிற்கிறபோது இந்தத் திருப்புதல் நடக்கிறது. ஒடுக்கியவனின் குறியைப் பிடுங்கி அவன் பக்கமே நீட்டுவது.

இதை அப்படியே கலகம் என்று கையெழுத்துப் போட்டுவிட முடியுமா? 2005இல் திருமணத்துக்கு முந்தைய பாலுறவு பற்றி ஒரு பத்திரிகைக்குக் கருத்துச் சொன்னதற்காக நடிகை குஷ்புவுக்கு எதிராகத் தமிழ்நாடு முழுக்கப் போராட்டம் நடந்தது. துடைப்பமும் செருப்பும் ஏந்திப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், கட்சிகள் கொண்டுவந்தன. ஊர் ஊராக வழக்குப் போட்டார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது. தமிழ்ப் பெண்ணின் கற்பைக் காக்க, பெண்களே, ஒரு பெண்ணை நோக்கி, பெண்ணின் அடிமைச் சின்னத்தையே நீட்டிய காட்சி அது. கையில் இருந்தது அதே துடைப்பம். கலகக்காரியின் ஆயுதம் காவல்காரியின் தடியாக மாறுவதற்குச் சில நாள் போதுமானதாக இருந்தது. ஏனென்றால் ஆயுதத்தின் வலு எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் கேட்கவில்லை. துடைப்பம் இழிவானது என்பதை ஒப்புக்கொண்டால்தான் அதனால் அடிபடுவது அவமானமாகும். ஆக, ஒவ்வொரு முறை நாம் அதை ஓங்கும்போதும், கூட்டிப் பிழைக்கிற ஒருத்தியின் தொழில் இழிவானது என்பதை மறுபடியும் ஒருதரம் உறுதி செய்துகொள்கிறோம்.

பழமொழியிலும் இதே சங்கதிதான். ‘விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம்’. அலங்காரம் பொருத்தமில்லாத இடத்தில் ஏறிவிட்டது என்று கேலி. யாரைப் பார்த்து இது சொல்லப்படுகிறது? மேலத்தெருக்காரர் பெண்டாட்டி பட்டுக் கட்டினால் சொல்லப்படுவதில்லை. கீழத்தெருவில் ஒருவன் வெள்ளைச் சட்டை போட்டால், அவன் மகள் படித்து உத்தியோகத்துக்குப் போனால், கல்யாணத்துக்கு மேளம் வைத்தால் சொல்லப்படுகிறது. பழமொழி என்பது அனுபவத்தின் சாரம் என்று நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். யாருடைய அனுபவம் என்று கேட்காதவரை அது சரிதான்.

6

துடைப்பத்தை மனிதர்மேல் கட்டிவிட்ட வரலாறும் இருக்கிறது. பேஷ்வாக்கள் ஆண்ட புனே நகரத்தில் தீண்டப்படாதவர்கள் தங்கள் காலடித் தடத்தைத் தாங்களே அழித்துக்கொண்டு போவதற்காக இடுப்பில் துடைப்பம் கட்டித் தொங்கவிட வேண்டியிருந்தது, எச்சில் கீழே விழாதிருக்கக் கழுத்தில் மண்கலயம் கட்ட வேண்டியிருந்தது என்று அம்பேத்கர் 1936இல் ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையில் எழுதினார். அந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அங்கே துடைப்பம் தெருவைச் சுத்தம் செய்யவில்லை. ஒரு மனிதன் இங்கே நடந்தான் என்ற சாட்சியத்தைச் சுத்தம் செய்தது.

காந்தியின் கையில் அது வேறு அர்த்தம் பெற்றது. 1901 கல்கத்தா காங்கிரஸில் பிரதிநிதிகளின் கக்கூஸ் நாறிக் கிடந்ததைத் தொண்டர்களிடம் அவர் சொன்னபோது அது தோட்டியின் வேலை என்று பதில் வந்ததாம். துடைப்பம் கேட்டு வாங்கித் தன் உபயோகத்துக்கு ஒன்றைத் தானே சுத்தம் செய்துகொண்டதாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு சாதி இந்து இதைச் செய்தது சின்ன விஷயம் அல்ல. ஆனால் 1936இல் ‘ஹரிஜன்’ இதழில் லட்சிய பங்கி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியபோது அந்த வேலையைப் புனிதமாக்கினார். அம்பேத்கரின் பதில் 1945இல் வந்தது: இந்தியாவில் ஒருவன் தோட்டியாக இருப்பது அவன் செய்கிற வேலையால் அல்ல, பிறப்பால், அவன் அந்த வேலையைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் தோட்டிதான். அப்பரின் ஏணியும் காந்தியின் லட்சியமும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. வேலையை உயர்த்துகிறார்கள், வேலையை விட்டு வெளியே வரும் வழியைப் பற்றிப் பேசுவதில்லை.

இதற்குப் பின்பு துடைப்பம் மேடைப் பொருளாயிற்று. 2013 தில்லித் தேர்தலில் ஆம் ஆத்மி கட்சிக்கு அது சின்னம். 2014 மக்களவைத் தேர்தலில் கூடங்குளம் போராட்டத்தின் சுப. உதயகுமாரன் கன்னியாகுமரியில் அதே சின்னத்தில் நின்றார். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று தில்லியின் வால்மீகி பஸ்தியில் பிரதமர் துடைப்பம் பிடித்துத் தூய்மை இந்தியா திட்டத்தைத் தொடங்கினார். பிறகு கலெக்டர்கள், நடிகர்கள், கல்லூரி முதல்வர்கள் என்று எல்லோரும் புதுத் துடைப்பத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஊழல் ஒரு குப்பை, தேசம் ஒரு வீடு, கூட்டுபவர் குடிமகன் என்று உருவகம் விரிகிறது. இந்த உருவகத்தில் நிஜமாகக் கூட்டுகிற பெண்ணுக்கு மட்டும் இடமில்லை. படத்தில் அவள் இருந்த இடத்தில் வேறொருவர் நிற்கிறார். படம் எடுத்து முடிந்ததும் துடைப்பத்தை அவளிடம்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

நமது அரசு சொல்லை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. தோட்டி என்பது போய்த் துப்புரவுத் தொழிலாளர் வந்தது. துப்புரவு என்ற சொல் குறளில் நுகர்வதற்குரிய பொருள்களைக் குறிக்கும். அனுபவிக்கிறவரின் சொல்லாக இருந்தது அள்ளுகிறவரின் சொல்லாயிற்று. அதிலும் நாற்றம் ஏறியதும் 2020இல் தமிழ்நாட்டில் தூய்மைப் பணியாளர் என்று பெயர் மாற்றினார்கள். மரியாதையான சொல் வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். ஆனால் சொல் மாறிய வேகத்தில் மற்றது மாறவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 1993க்குப் பிறகு சாக்கடையில் இறங்கிச் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர உச்ச நீதிமன்றம் 2014இல் உத்தரவிட்டது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. சாவு நின்றிருந்தால் தொகையை உயர்த்த வேண்டிய தேவை வந்திருக்காது. 2025 ஆகஸ்ட் 1 முதல் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பதின்மூன்று நாள் இருந்தார்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தியது. மறுநாள் பத்திரிகைகள் எழுதிய வினையும் அதுதான்: அப்புறப்படுத்தினர். குப்பைக்கும் அதே வினையைத்தான் வைத்திருக்கிறோம்.

7

எழுதுகிறவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் சொல்ல என்னிடம் இருப்பது இரண்டு விஷயங்கள்.

ஒன்று. நம் கதைகளிலும் மேடைப் பேச்சிலும் துண்டறிக்கையிலும் விளக்குமாறு தாராளமாக வருகிறது. எதிரியைத் ‘துடைப்பத்தால் அடித்து விரட்டுவோம்’ என்று முற்போக்காளர்களும் எழுதுகிறார்கள். வட்டார மணத்துக்காகக் கதையில் ஒரு கிழவி வாயில் தொடப்பக்கட்டையைப் போட்டுவிட்டால் வட்டார வழக்கு வந்துவிட்டதென்று ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. சொல்லைத் தடை செய்யச் சொல்லவில்லை. மக்கள் பேசுவது அப்படித்தான், எழுத்தில் அதைக் கழுவி வைப்பது இன்னொரு பொய். ஆனால் யார் யாரை நோக்கிச் சொல்கிறார்கள், அந்த அடி கடைசியில் யார்மேல் போய் விழுகிறது என்பதை எழுதுகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கூலிக்காரி பண்ணையாரைச் சொல்வதும் பண்ணையார் கூலிக்காரியைச் சொல்வதும் ஒரே சொல் அல்ல.

இரண்டு. சொல்லைக் காப்பாற்றுவது சொல்லால் மட்டும் ஆகிற காரியம் இல்லை. திருவலகு என்று பெயர் வைத்துப் பார்த்தாயிற்று, தூய்மைப் பணி என்று பெயர் வைத்துப் பார்த்தாயிற்று. புதுப் பெயரும் பத்து வருஷத்தில் பழைய பெயரின் நாற்றத்தை ஏற்றுக்கொள்கிறது. அந்த வேலைக்கு நிரந்தரச் சம்பளமும் கையுறையும் எந்திரமும் வந்து, எந்தச் சாதிக்காரரும் விண்ணப்பம் போடுகிற வேலையாக அது ஆகும்போது, வீட்டிலும் ஆண்பிள்ளை கூட்டுவது செய்தியாகத் தோன்றாதபோது, விளக்குமாறு என்பது வெறும் குச்சிக்கட்டாகிவிடும். அதைச் சொல்லி அன்றைக்கு ஒருவரைத் திட்டினால் ‘முறம்’ என்று திட்டியது போல இருக்கும். கேட்டவர் புரியாமல் விழிப்பார். அதுவரைக்கும் இந்தச் சொல் யார் வாயில் எப்படிப் புழங்குகிறது என்று ஊர் ஊராகக் கேட்டுக் குறித்துவைப்பது உபயோகமான வேலை என்று நினைக்கிறேன். தங்கள் பகுதியில் வழங்கும் பெயர்களையும் வசவுகளையும் விலக்குகளையும், யார் யாரிடம் சொன்னது என்ற விவரத்தோடு, வாசகர்கள் எழுதி அனுப்பலாம்.